விளைவு தெரியாத ஆய்வும் அரசுப் பணமும்

அறிவியல் ஆய்வுக்கு அரசு செலவிடுவது இன்று எல்லா நாடுகளிலும் வழக்கமாகிவிட்டது. விவாதம் எழுவது ஒரு வகை ஆய்வைப் பற்றித்தான்: என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும், ஏதேனும் கிடைக்குமா என்பதையே முன்கூட்டிச் சொல்ல முடியாத ஆய்வு. சாலைக்கும் பள்ளிக்கும் ஒதுக்கிய பணத்துக்குக் கணக்குக் கேட்டால் இத்தனை கிலோமீட்டர், இத்தனை வகுப்பறை என்று விடை வரும். நியூட்ரினோ என்னும் நுண்துகளின் நிறையை ஆராயும் திட்டத்திடம் அப்படியொரு விடை இராது. வரிப்பணத்தை அதில் இறக்குவது பொறுப்பான செயலா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண, இத்தகைய ஆய்வுகள் உண்மையில் எப்படி நடந்தன, அவற்றுக்கு ஆதரவாகவும் எதிராகவும் சொல்லப்படுபவை எவை, பணத்தைப் பங்கிடும் முறைகள் எவை என்பவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

நிச்சயமின்மையின் மூன்று வகைகள்

எல்லா ஆய்வும் ஒரே அளவில் நிச்சயமற்றது என்று வைத்துக்கொண்டால் விவாதம் குழம்பிவிடும். மூன்று வகைகளைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகையில் அறிவியல் தெரிந்ததே. செய்து முடிக்க முடியுமா என்பதில்தான் ஐயம். நிலவில் ஒரு கலத்தை மெதுவாக இறக்குவதற்கான இயற்பியல் அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரியும். ஆயினும் 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலம் நிலவில் மோதி நொறுங்கியது. பிழைகளைக் கண்டறிந்து திருத்திய பிறகு, 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தென்துருவப் பகுதிக்கு அருகே பத்திரமாக இறங்கியது. இவ்வகையில் ஒரு தோல்வி அடுத்த முயற்சிக்கு நேரடியாகப் பாடமாகிறது.

இரண்டாம் வகையில் கேள்வி தெளிவாக இருக்கிறது, விடை தெரியாது. ஈர்ப்பு அலைகளைக் கருவியில் பதிவு செய்ய முடியுமா, மூவகை நியூட்ரினோ நிறைகளின் ஏறுவரிசை எது என்பன இத்தகையவை. எந்த விடை வந்தாலும் அறிவு கூடும். அதனால் அன்றாட வாழ்வுக்கு என்ன பயன் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்றாம் வகையில், பயன் எந்தத் துறையில் விளையும் என்று ஊகிக்கக்கூட வழியில்லை. கொதிநீர் ஊற்றில் எந்த நுண்ணுயிர் வாழ்கிறது, உப்பளத்து நுண்ணுயிரின் மரபணுத் தொகுதியில் ஒரே வரிசை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டவர்களுக்கு அறிந்துகொள்ளும் ஆர்வத்தைத் தவிர வேறு காரணம் இருக்கவில்லை.

பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921இல் இடரையும் நிச்சயமின்மையையும் வேறுபடுத்தினார். வாய்ப்பைக் கணக்கிட முடிந்தால் அது இடர். அதற்குக் காப்பீடு செய்யலாம். கணக்கிடவே அடிப்படை இல்லாவிட்டால் அது நிச்சயமின்மை. முதல் வகை ஆய்வு இடருக்கு அருகில் இருப்பதால் தனியார் முதலீடும் ஓரளவு வரும். அரசின் கடமை பற்றிய கேள்வி கூர்மையடைவது மற்ற இரண்டு வகைகளில்தான்.

பஞ்சம், சூரியன், பருவமழை

அரசு ஒன்றைத் தேடப் பணம் கொடுக்க, ஆய்வு வேறொன்றைக் கண்டடைந்த கதைக்குத் தமிழகத்திலேயே நல்ல சான்று உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் பல லட்சம் பேர் மாண்டனர். மழை பொய்ப்பதை முன்கூட்டி அறிய முடியாதா என்ற கேள்வி ஆட்சியாளர்களை உலுக்கியது. சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைவதால், மழையின் ஏற்ற இறக்கத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அக்கால அறிஞர் பலர் நம்பினர். சூரியனைத் தொடர்ந்து கவனிக்க மலைமேல் ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 1893இல் கெல்வின் பிரபு தலைமையிலான குழு கொடைக்கானலைத் தேர்ந்தது. 1792இலிருந்து சென்னை நுங்கம்பாக்கத்தில் இயங்கிவந்த அரசு வானாய்வகத்தின் பணி 1899இல் அங்கே மாறியது.

சூரியப் புள்ளியை வைத்துப் பருவமழையைக் கணிக்கும் நம்பிக்கை நிறைவேறவில்லை. ஆனால் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கொடைக்கானலில் சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் கோடுகள் சற்றே விலகியிருப்பதைக் கண்டார். புள்ளியின் மையப் பகுதியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதன் அடையாளம் அது. எவர்ஷெட் விளைவு என்ற பெயரில் அது இன்றும் சூரிய இயற்பியலின் பாடநூல்களில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே நாள்தோறும் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள், நூறாண்டுக்கு மேற்பட்ட சூரிய மாற்றங்களை ஆராய உதவும் அரிய சேமிப்பாகிவிட்டன.

அதே பஞ்ச அச்சத்தின் இன்னொரு கிளை சிம்லாவில் வளர்ந்தது. 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற கில்பர்ட் வாக்கர் அடிப்படையில் கணிதவியலாளர். சூரியப் புள்ளிக்கும் இந்திய மழைக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டுப் பார்த்தார். கணிப்புக்கு உதவும் அளவுக்கு அது வலுவாக இல்லை. பிறகு உலகின் பல நிலையங்களிலிருந்து அழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் பதிவுகளைத் திரட்டி, எழுத்தர்களைக் கொண்டு ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கணக்கிட வைத்தார். கணினி இல்லாத காலத்தில் இது ஆண்டுக்கணக்கில் இழுத்த வேலை. பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயர்ந்தால் இந்தியப் பெருங்கடல் பக்கம் தாழ்கிறது, அங்கே தாழ்ந்தால் இங்கே உயர்கிறது என்ற ஒழுங்கு அதிலிருந்து வெளிப்பட்டது. அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார்.

நம்பகமான பருவமழைக் கணிப்பு முறை எதையும் தராமலே வாக்கர் 1924இல் ஓய்வு பெற்றார். அன்றைய தணிக்கையாளர் அந்த இருபது ஆண்டுச் செலவைத் தோல்வி என்றுதான் எழுதியிருக்க முடியும். 1960களில் ஜேக்கப் பியர்க்னஸ், பசிபிக் கடல்நீர் சூடாகும் எல் நினோ நிகழ்வையும் வாக்கரின் அலைவையும் ஒரே இயக்கத்தின் இரு முகங்களாக விளக்கினார். இன்று பருவமழைக் கணிப்பில் எல் நினோ நிலையைப் பார்க்காமல் யாரும் பேசுவதில்லை. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை நலிவதும் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை பெருகுவதும் பெரும்பாலும் காணப்படும் போக்குகள். கேட்டது கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. கிடைத்த வழியும் முதலில் நினைத்த வழி அன்று.

அரசு பொறுப்பேற்ற வரலாறு

20ஆம் நூற்றாண்டுக்கு முன் அரசுகள் ஆய்வுக்குச் செலவிட்டது பெரும்பாலும் கடற்பயணம், நில அளவை, படைத்துறை ஆகிய நேரடித் தேவைகளுக்காக. இரண்டு உலகப் போர்கள் நிலையை மாற்றின. பிரிட்டனில் 1918இல் வெளியான ஹால்டேன் அறிக்கையிலிருந்து ஒரு நெறி வளர்ந்தது: ஆய்வுக்கு எவ்வளவு பணம் என்பதை அரசு முடிவு செய்யட்டும்; எந்த ஆய்வுக்கு என்பதை அத்துறை அறிந்தவர்கள் முடிவு செய்யட்டும். அமெரிக்காவில் வன்னிவர் புஷ் 1945 ஜூலையில் அதிபர் ட்ரூமனிடம் அளித்த அறிக்கை, அடிப்படை ஆய்வே பிற்காலத் தொழில்நுட்பங்களின் மூலதனம் என்றும் அதைத் தாங்குவது அரசின் கடமை என்றும் வாதிட்டது. அதன் விளைவாக 1950இல் தேசிய அறிவியல் அறக்கட்டளை உருவானது.

இந்தியாவில் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் 1942இல் தொடங்கியது. ஹோமி பாபாவின் முயற்சியில் டாட்டா அறக்கட்டளையின் உதவியோடு 1945இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது. விடுதலைக்குப் பின் இவ்வகை நிறுவனங்களின் பெரும் புரவலராக ஒன்றிய அரசு ஆனது.

சந்தை ஏன் போதாது

தனியார் நிறுவனங்கள் ஆய்வில் பெரும்பணம் செலவிடுகின்றன. மருந்து, மென்பொருள், மின்னணுத் துறைகளே சாட்சி. அப்படியிருக்க அரசு ஏன்? ரிச்சர்ட் நெல்சன் 1959இலும் கென்னத் ஆரோ 1962இலும் எழுதிய ஆய்வுரைகள் இதற்குத் தந்த விடை இன்றும் பொருளியலின் அடித்தளமாக நிற்கிறது. ஒருவர் பயன்படுத்துவதால் அறிவு குறைவதில்லை. வெளியான பின் பிறர் பயன்படுத்துவதைத் தடுப்பதும் கடினம். செலவிட்டவருக்குக் கிடைப்பது சமூகத்துக்குக் கிடைப்பதில் ஒரு சிறு பங்கே. ஆகவே தன் ஆதாயத்தை மட்டும் பார்க்கும் நிறுவனம், சமூகத்துக்குத் தேவையான அளவைவிடக் குறைவாகவே அடிப்படை ஆய்வில் முதலிடும். தன் வயலுக்குக் கிணறு வெட்ட ஒரு விவசாயி முன்வருவார். ஊருக்கே நீர் தரும் ஏரியை வெட்ட அவர் தனியாகக் கடன் வாங்கமாட்டார். விளைவு நிச்சயமற்றதாகவும் தொலைவிலும் இருந்தால் இந்தத் தயக்கம் இன்னும் கூடும்.

இதை ஒரு நொதியின் கதை தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கொதிநீர் ஊற்றுகள் உண்டு. அந்த வெந்நீரில் உயிர்கள் எப்படி வாழ்கின்றன என்பதை நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக் அரசு நல்கையுடன் ஆராய்ந்தார். 1966இல் அவரும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் அங்கிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தனர். சுமார் 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது செழித்து வளர்ந்தது. அதன் மாதிரியைப் பொது நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் வைத்தனர். பயன் இன்னதென்று சொல்ல அப்போது எதுவும் இல்லை.

1983இல் கேரி மல்லிஸ் டிஎன்ஏவைப் பல கோடி மடங்கு படியெடுக்கும் பிசிஆர் முறையை வகுத்தார். ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏவின் இரு இழைகளைப் பிரிக்கக் கரைசலைச் சுமார் 95 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் படியெடுக்கும் நொதி சிதைந்துவிடும். சுற்றுக்குச் சுற்று புதிதாகச் சேர்க்க வேண்டும். யெல்லோஸ்டோன் பாக்டீரியாவின் நொதி அந்தச் சூட்டையும் தாங்கியது. ஒரு முறை ஊற்றிவிட்டால் போதும், மீதியைக் கருவி பார்த்துக்கொள்ளும் என்ற நிலை வந்தது. குற்றவியல் தடயம் முதல் கொரோனா காலத்து ஆர்டி-பிசிஆர் சோதனை வரை எல்லாம் இதன்மேல் நிற்கின்றன. 1991இல் ரோஷ் நிறுவனம் பிசிஆர் உரிமைகளை 30 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் ஒரு டாலரும் கொதிநீர் ஊற்று ஆய்வுக்குத் திரும்பி வரவில்லை. திரும்பி வராது என்பதால்தான் தனியார் யாரும் அந்த ஆய்வைத் தொடங்கியிருக்கமாட்டார்கள்.

உப்பளத்து நுண்ணுயிரின் கதையும் இதே வழியில் சென்றது. ஸ்பெயினின் ஃபிரான்சிஸ்கோ மோகிகா 1993இல் கவனித்த அந்த மரபணு வரிசைகள், வைரஸ்களுக்கு எதிராக நுண்ணுயிர்கள் வைத்திருக்கும் தற்காப்பு என்பது பின்னர் தெரிந்தது. 2012இல் எம்மானுவேல் ஷார்பான்டியேவும் ஜெனிஃபர் டௌட்னாவும் அதை மரபணுவை வெட்டித் திருத்தும் கருவியாக்கினர். 2020இல் நோபல் பரிசு பெற்றனர். அரிவாள் செல் சோகைக்கு அந்தக் கருவியால் உருவான சிகிச்சைக்கு 2023இல் ஒப்புதல் கிடைத்தது.

எதிர்வாதங்கள்

அரசு நிதிக்கு எதிரான வாதங்களில் நான்கு எடைமிக்கவை.

முதலாவது, அரசு ஒதுங்கினால் தனியார் அந்த இடத்தை நிரப்புவர் என்பது. டெரன்ஸ் கீலி 1996இல் எழுதிய நூலில், தொழிற்புரட்சி கண்ட பிரிட்டனில் அரசின் ஆய்வு நிதி ஏறத்தாழ இல்லை என்பதைச் சுட்டினார். நீராவி எந்திரம் வரையில் இது பொருந்தும். அது கைவினைஞர்களின் பட்டறையில் வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேதியியல் தொழிலில் பிரிட்டனை ஜெர்மனி முந்தியது. அரசு தாங்கிய பல்கலைக்கழகங்களின் ஆய்வகங்கள் அந்த முன்னேற்றத்துக்குப் பெரும் காரணம். கோட்பாட்டு அறிவு ஆழமாகத் தேவைப்படும் தொழில்கள் வந்ததும் கீலியின் சான்று வலுவிழக்கிறது.

இரண்டாவது, வீண்செலவு. அமெரிக்க செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மையர் 1975 முதல் 1988 வரை, வரிப்பணத்தை வீணாக்குவதாகத் தாம் கருதிய செலவுகளுக்குத் ‘தங்கக் கம்பளி’ என்ற கேலி விருதை அளித்துவந்தார். காதல் ஏன் மலர்கிறது என்பதை ஆராய வழங்கிய 84,000 டாலர் நல்கைதான் முதல் இலக்கு. தலைப்பை மட்டும் பார்த்து ஆய்வை எடைபோடும் ஆபத்துக்கு மறுமொழியாக 2012இல் ‘தங்க வாத்து’ விருது தொடங்கியது. விந்தையாகத் தோன்றிய அரசு ஆய்வுகள் தந்த பெரும்பயனைப் போற்றுவது அதன் நோக்கம். கால்நடைகளின் புண்ணில் முட்டையிட்டு அவற்றைக் கொல்லும் ஓர் ஈயின் இனச்சேர்க்கை பற்றிய ஆய்வு அவ்விருது பெற்றவற்றுள் ஒன்று. பெண் ஈ வாழ்நாளில் ஒரு முறையே சேர்கிறது என்பதைக் கவனித்த எட்வர்ட் நிப்ளிங், கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களைப் பெருமளவில் பறக்கவிட்டால் இனமே அற்றுப்போகும் என்று கணித்தார். அமெரிக்கக் கால்நடை வளர்ப்போரை அந்த முறை பெரும் இழப்பிலிருந்து காத்தது.

மூன்றாவது, செலவு கட்டுமீறுவது. டெக்சாஸில் 87 கிலோமீட்டர் சுற்றளவில் திட்டமிட்ட மீக்கடத்தித் துகள் மோதுகருவிக்கு முதலில் சொன்ன மதிப்பு 440 கோடி டாலர். அது 1,100 கோடியைத் தாண்டிய நிலையில், சுமார் 200 கோடி டாலரைச் செலவிட்ட பிறகு, 1993 அக்டோபரில் நாடாளுமன்றம் திட்டத்தைக் கைவிட்டது. தோண்டிய சுரங்கம் பாதியில் நின்றது. இந்தியாவும் உறுப்பாக உள்ள ஐடிஇஆர் அணுக்கரு இணைவுத் திட்டமும் கால அட்டவணையைப் பலமுறை தள்ளிப்போட்டு, ஆய்வுப் பணி 2034இல் தொடங்கும் என்று 2024இல் அறிவித்தது. இந்த எதிர்வாதம் உண்மையானது. ‘அறிவியல் என்றால் அப்படித்தான்’ என்று தள்ளிவிட முடியாது.

நான்காவது, ஏழை நாட்டுக்கு இது கட்டுபடியாகுமா என்பது. இதற்குச் சென்னையிலேயே விடை உண்டு. 1950களில் காசநோயாளிகளைத் தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைத்திருப்பதே சரியான முறை என்று கருதப்பட்டது. அவ்வளவு படுக்கைகள் இந்தியாவில் இல்லை. வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் நோய் குணமாகுமா, ஒரே அறையில் நெருக்கியடித்து வாழும் குடும்பத்தாருக்குத் தொற்றாதா என்பது யாருக்கும் தெரியாது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கின. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கும் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருத்துவமனையிலும் மற்றதற்கு வீட்டிலும் ஓராண்டு சிகிச்சை அளித்தனர். போதிய உணவின்றி நெரிசலில் வாழ்ந்தவர்களும் வீட்டு மருத்துவத்தில் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர். குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மருத்துவமனைச் சுவருக்கு வெளியே கொண்டுவந்தது. ஏழைகளின் சிக்கலுக்கு விடை தேடப் பணக்கார நாட்டின் மருந்து நிறுவனம் வராது. அங்கே ஏழை நாட்டின் அரசுதான் முன்னிற்க வேண்டும்.

பயனை அளப்பதில் உள்ள சிக்கல்

‘அடிப்படை ஆய்வால் உண்மையில் எவ்வளவு பயன்?’ என்பதை எண்ணிப் பார்க்க 1960களில் அமெரிக்காவில் இரு பெருமுயற்சிகள் நடந்தன. பாதுகாப்புத் துறையின் ‘ஹைண்ட்சைட்’ ஆய்வு 20 ஆயுத அமைப்புகளை எடுத்து, அவை உருவாகக் காரணமான சுமார் 700 ஆய்வு நிகழ்வுகளைத் தேடிப் பட்டியலிட்டது. நோக்கமற்ற தூய ஆய்வின் பங்கு 1 விழுக்காடுகூட இல்லை என்றது. தேசிய அறிவியல் அறக்கட்டளைக்காக 1968இல் முடிந்த ‘டிரேசஸ்’ ஆய்வு கருத்தடை மாத்திரை, மின்னணு நுண்ணோக்கி, வீடியோ டேப் ரெக்கார்டர் முதலிய 5 கண்டுபிடிப்புகளின் வேர்களைத் தேடியது. அதில் 70 விழுக்காடு நிகழ்வுகள் நோக்கமற்ற ஆய்விலிருந்து வந்தவை.

இரண்டும் பொய் சொல்லவில்லை. முதலாவது ஏறத்தாழ 20 ஆண்டுகள் பின்னோக்கிப் பார்த்தது; இரண்டாவது அரை நூற்றாண்டும் அதற்கு மேலும் பார்த்தது. குறுகிய காலக் கணக்கில் அடிப்படை ஆய்வு செலவாகவும், நீண்ட காலக் கணக்கில் மூலதனமாகவும் தெரிகிறது. அண்மைக் காலத் தரவும் இதை வலுப்படுத்துகிறது. 2010 முதல் 2016 வரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற 210 புதிய மருந்துகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஒரு கட்டுரை, அவற்றில் ஒவ்வொன்றோடும் தொடர்புடைய ஆய்வில் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதி இருந்ததைக் காட்டியது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வெற்றிக்கதைகளை மட்டும் எண்ணினால் கணக்கு பிசகும். ஜப்பான் அரசு 1982இல் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டம், பத்தாண்டு கழித்து அறிவித்த இலக்கை எட்டாமலே முடிந்தது. அமெரிக்காவில் 1971இல் புற்றுநோய்ச் சட்டம் வந்தபோது சில ஆண்டுகளில் நோயை வென்றுவிடலாம் என்ற பேச்சு எழுந்தது, அது நடக்கவில்லை. அந்த ஆய்வுகளின் ஊடே, புற்றுநோயைத் தூண்டும் மரபணு நம் செல்களிலேயே இயல்பாக இருக்கும் ஒன்றின் திரிபு என்பதை 1976இல் பிஷப்பும் வார்மஸும் காட்டினர். இன்றைய இலக்குச் சிகிச்சைகளுக்கு அதுவே அடிப்படை. இருந்தும், வாக்குறுதி பெரிதாக இருந்ததால் மக்கள் ஏமாற்றமடைந்தனர்.

யாருக்குக் கொடுப்பது

நிதி தருவது என்று முடிவான பின் கடினமான கேள்வி, விண்ணப்பித்தோரில் யாரைத் தேர்வது என்பது. பெரும்பாலான நாடுகளில் அதே துறை வல்லுநர்கள் விண்ணப்பங்களை மதிப்பிடுகிறார்கள். தரமற்றதைக் களைய இது நல்ல முறை. ஆனால் குழு ஒருமித்து ஏற்பது பெரும்பாலும் பழக்கமான கருத்தையே. தூது ஆர்என்ஏவை மருந்தாக்கலாம் என்று நம்பிய கேத்தலின் கரிக்கோவுக்கு 1990களில் நல்கைகள் தொடர்ந்து மறுக்கப்பட்டன. 1995இல் பதவியும் இறங்கியது. ட்ரூ வெய்ஸ்மனுடன் அவர் 2005இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு கொரோனா தடுப்பூசிகளுக்கு வழிவகுத்தது. இருவரும் 2023இல் நோபல் பரிசு பெற்றனர்.

இக்குறையைப் போக்க மூன்று மாற்று வழிகள் முயலப்பட்டுள்ளன. ஒன்று, திட்டத்துக்குப் பதில் ஆளை நம்பி நீண்ட காலத்துக்குப் பணம் தருவது. அமெரிக்காவில் அப்படித் தரும் ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்களைக் குறுகிய கால அரசு நல்கை பெற்ற ஒத்த தகுதியாளர்களோடு ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. முன்னவர்களிடம் மிகச் சிறந்த கட்டுரைகள் அதிகம். எடுபடாமல் போன கட்டுரைகளும் அதிகம். இரண்டும் சேர்ந்தே வருகின்றன என்பது ஆழ்ந்து நினைக்க வேண்டிய முடிவு. இன்னொன்று, ஒரு பொறுப்பாளருக்கு முழு அதிகாரம் தருவது; 1969இல் இன்றைய இணையத்தின் முன்னோடி வலையமைப்பைத் தொடங்கிய அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமை இவ்வழியில் இயங்குகிறது. மூன்றாவது, தகுதிபெற்ற விண்ணப்பங்களுக்குள் குலுக்கல். நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் குழுமம் 2013 முதல் ஒரு வகை நல்கையை இப்படி வழங்குகிறது. 60ஆவது இடத்துக்கும் 61ஆவது இடத்துக்கும் இடையே மதிப்பீட்டாளரால் நேர்மையாக வேறுபாடு காட்ட முடியாதபோது, குலுக்கலே பாரபட்சமற்றது.

பெருந்திட்டங்களுக்கு வேறொரு பாடம் உண்டு. ஈர்ப்பு அலைகளைத் தேடிய லைகோ திட்டத்தை 1990இல் அமெரிக்க அறிவியல் அறக்கட்டளை ஏற்றபோது வானியலாளர்களிலேயே சிலர் எதிர்த்தனர். முதற்கட்டக் கருவி எதையும் காணாமல் போகக்கூடும், அதில் கற்றதைக் கொண்டு நுட்பமான இரண்டாம் கட்டம் கட்டப்படும் என்று திட்டத்தார் தொடக்கத்திலேயே சொன்னார்கள். 2002 முதல் 2010 வரை முதற்கட்டம் எதையும் காணவில்லை. மேம்படுத்திய கருவி 2015 செப்டம்பர் 14 அன்று முதல் அலையைப் பதிவு செய்தது. படிப்படியாகக் கட்டியதும் வெறுங்கையோடு நிற்கக்கூடும் என்பதை மறைக்காததும் அத்திட்டம் பிழைத்ததற்கு முக்கியக் காரணங்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆய்வகம் மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமைய 2023இல் சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

மக்களின் ஒப்புதல்

பணம் மட்டும் ஆய்வகத்தைக் கட்டிவிடாது என்பதற்குத் தேனி மாவட்டத்தின் பொட்டிப்புரம் சான்று. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்களை முதன்முதலில் கண்டவர்களுள் இந்திய அறிவியலாளர்களும் இருந்தனர். அந்த மரபைத் தொடர, 50,000 டன் காந்தமாக்கிய இரும்புக் கருவியை மலைக்கடியில் வைக்கும் நியூட்ரினோ ஆய்வகம் திட்டமிடப்பட்டது. முதலில் கருதிய இடமான நீலகிரியின் சிங்காரா, புலிகள் வாழிடத்தை ஒட்டியிருந்ததால் 2009இல் கைவிடப்பட்டது. பொட்டிப்புரத்துக்கு 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய் ஒப்புதல் கிடைத்தது. நீர், பாறை உடைப்பு, கதிர்வீச்சு, காட்டுயிர் பற்றிய அச்சங்கள் எழுந்தன, வழக்குகள் தொடர்ந்தன, 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. புலிகளின் வழித்தடத்தைக் காரணங்காட்டி 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது. நிறை வரிசையை அறியும் அதே நோக்கத்துடன் சீனா கட்டிய ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவு திரட்டத் தொடங்கிவிட்டது.

நியூட்ரினோவால் கதிர்வீச்சு அபாயம் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை; ஒவ்வொரு நொடியும் எண்ணற்ற நியூட்ரினோக்கள் நம் உடலை ஊடுருவிச் செல்கின்றன. ஆனால் மலையை வெடிவைத்துக் குடைவது, நீர் எடுப்பது, காட்டு வழித்தடத்தைத் தொடுவது ஆகியவை பற்றி ஊரார் கேட்டவை மெய்யான கேள்விகள். விளைவு நிச்சயமற்ற ஆய்வில் பயன் உலகுக்கு, சுமை ஓர் ஊருக்கு என்ற நிலை எளிதில் உண்டாகிவிடும். இடம் முடிவாகும் முன்பே, தாய்மொழியில், ஆவணங்களோடு அந்த ஊரிடம் பேசுவது ஆய்வுத் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும்.

இந்தியாவின் நிலை

2020-21இல் ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் இந்தியா செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. சீனா அதே காலத்தில் 2.4 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. தென் கொரியா 4.5 விழுக்காட்டுக்கு மேல், இஸ்ரேல் 5 விழுக்காட்டுக்கு மேல். அந்நாடுகளில் பெரும்பங்கு தொழில் நிறுவனங்களுடையது. இந்தியாவில் தனியார் பங்கு மூன்றில் ஒன்றைச் சற்றே தாண்டுகிறது. அரசு மிகையாகச் செலவிடுவதால் தனியார் ஒதுங்குகிறார்கள் என்று இங்கே சொல்ல இடமில்லை. இருவருமே குறைவாகச் செலவிடுகிறார்கள்.

2023இல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டும் நோக்குடையது; அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பது திட்டம். 2025 ஜூலையில் ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அது தனியார் துறைக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியின்றியோ நீண்ட காலக் கடன் தருவதை மையமாகக் கொண்டது. ஓரளவு உருப்பெற்ற தொழில்நுட்பத்தைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல இவ்வழி பொருந்தும். கடனைத் திருப்பித்தர வேண்டியவர் கொதிநீர் ஊற்றைத் தேடிப் போகமாட்டார். எனவே மூன்றாம் வகை ஆய்வுக்கு நேரடி நல்கையைத் தவிர மாற்று இல்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அந்த நல்கை சென்று சேர்வது இன்னும் முக்கியம். நாட்டின் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் படிப்பது அங்கேதான்.

பொறுப்பான நிதியின் நெறிகள்

மேலே கண்ட சான்றுகளிலிருந்து தெளிவாவது, விளைவு தெரியாமை நிதியை மறுப்பதற்குக் காரணமாகாது என்பதே. வேறு யாரும் செலவிட முன்வராத இடம் அதுதான். அரசு தேவைப்படுவதும் அங்கேதான். அதேவேளை, விளைவு தெரியாது என்பதைக் கேடயமாக்கிக் கணக்குக் காட்டாமலிருக்க எந்த ஆய்வகத்துக்கும் உரிமை இல்லை. கணக்குக் கேட்க வேண்டியவை வேறு: கேள்வி கூர்மையானதா, முறை நேர்மையானதா, தரவும் எதிர்மறை முடிவும் வெளியிடப்பட்டனவா, இளம் ஆய்வாளர்கள் உருவானார்களா, ஒதுக்கிய பணம் ஒதுக்கிய வேலைக்குத்தான் போனதா.

இதனுடன் நான்கு நெறிகள் சேர வேண்டும். முதலாவது, ஆய்வு நிதியில் ஒரு நிலையான பங்கை, உடனடிப் பயன் கேட்காத ஆய்வுக்கென்று ஆண்டுதோறும் ஒதுக்கிவைப்பது. தேர்தலுக்குத் தேர்தல் அது கூடிக் குறையலாகாது. இரண்டாவது, ஒரே பெருந்திட்டத்தில் குவிக்காமல் பல சிறு நல்கைகளாகப் பரப்புவது. அவற்றில் பல பலன் தராமல் போகும் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்வது. மூன்றாவது, பெருந்திட்டங்களைக் கட்டம் கட்டமாக ஏற்று, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் திட்டத்தோடு தொடர்பில்லாத வல்லுநர்களைக் கொண்டு தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பது. நான்காவது, மக்களிடம் மிகையான வாக்குறுதி தராதிருப்பது. சூரியப் புள்ளி மழையைச் சொல்லும் என்பதும், சில ஆண்டுகளில் புற்றுநோய் ஒழியும் என்பதும் பொய்த்துப்போன வாக்குறுதிகள். அந்த ஆய்வுகள் தந்த அறிவு நிலைத்தது. என்ன தெரியாது, ஏன் தேடுகிறோம், கிடைக்காவிட்டால் என்ன மிஞ்சும் என்று மூன்றையும் வெளிப்படையாகச் சொல்லிக் கேட்கும் ஆய்வுக்கு வரிப்பணம் தருவது அரசின் கடமை.